ஐஇஎல்டிஎஸ் ஸ்பீக்கிங்: அந்த ரெண்டு நிமிஷத்துல என்ன பேசுறது?

[காட்சி: கடலூர் தேவனாம்பட்டினம், சில்வர் பீச், சாயங்காலம்]

வணக்கங்க. வெளிநாட்டுல படிக்க, வேலைக்குப் போக எழுதுற இங்கிலீஷ் தேர்வு ஐஇஎல்டிஎஸ். அதைப் பத்திப் பேச எதுக்குக் கடற்கரைக்கு வந்தேன்னு கேப்பீங்க. இந்தக் கரையை வச்சே இன்னைக்கு ஒரு பதில் தயார் பண்ணப்போறோம்.

அதுல ஸ்பீக்கிங், அதாவது தேர்வாளரோட பேசுற பகுதி, மொத்தமே 11ல இருந்து 14 நிமிஷம்தான். முதல் பகுதில உங்க ஊரு, வேலை, படிப்பு. மூணாவது பகுதில கொஞ்சம் ஆழமான விவாதம். நம்ம பிள்ளைங்க தடுமாறுறது நடுவுல. தலைப்பு எழுதின ஒரு அட்டை குடுப்பாங்க. யோசிக்க 1 நிமிஷம், குறிப்பெழுத பேப்பர், பென்சில். அப்புறம் 2 நிமிஷம் வரைக்கும் நீங்க மட்டும்தான் பேசணும்.

நான் முதல் தடவை மனப்பாடம் பண்ணிட்டுப் போனேன். கண்ணால பார்க்காத ஏதோ ஒரு ஏரியைப் பத்தி 40 செகண்ட் ஒப்பிச்சேன். அதுக்கு மேல வார்த்தையே வரல. பார்த்த இடமா இருந்தா மனசு தானா எடுத்துக் குடுக்கும்.

அட்டைல 'தண்ணிக்குப் பக்கத்துல உங்களுக்குப் பிடிச்ச இடம்'னு இருக்குன்னு வைங்க. முழு வாக்கியமா எழுதாதீங்க, நேரம் போயிடும். அஞ்சே வார்த்தை: அப்பா, சைக்கிள், சுண்டல், படகு, இப்போ. போதும்.

[திரையில் அந்த அஞ்சு வார்த்தை]

இப்ப கவனிங்க, இது ரொம்ப முக்கியம். தமிழ்ல "சின்ன வயசுல அப்பாவோட பீச்சுக்குப் போவேன்"னு சொல்றோம். 'போவேன்' நாளைக்கும் வரும், பழைய வழக்கத்துக்கும் வரும். அதே நெனப்புல இங்கிலீஷ்லயும் "ஐ வில் கோ"ன்னு வாய்ல வந்துடும். அங்க அது நாளைக்கு மட்டும்தான். பழைய வழக்கத்துக்கு "ஐ யூஸ்ட் டு கோ". இந்த ஒரு திருத்தத்துக்கே ஒரு வாரம் குடுங்க, தகும்.

சுண்டலுக்கு இங்கிலீஷ்ல என்னன்னு அங்க நின்னுடாதீங்க. "வேகவெச்ச கடலைல தேங்காய் போட்டுத் தாளிச்சது, கரையில பேப்பர்ல மடிச்சு விப்பாங்க"ன்னு இங்கிலீஷ்ல விளக்குங்க. தெரியாத வார்த்தையைச் சுத்தி வளைச்சுச் சொல்ற திறமைக்கும் மார்க் உண்டு.

உச்சரிப்பு கால் பங்கு மார்க். தமிழ் வாடை அடிக்குதேன்னு கவலையே வேண்டாம், அதுக்காகக் குறைக்க மாட்டாங்க. புரியணும், அதான் கணக்கு. ஆனா குளிருக்குப் போடுற கோட்டும், ஆடுன்னு அர்த்தம் வர்ற கோட்டும் தமிழ்ல எழுதினா ஒண்ணுதான். எழுத்து ஒண்ணா இருக்கறதால நாக்கும் ஒண்ணாக்கிடுது. ரெண்டையும் மாத்தி மாத்திச் சொல்லி போன்ல ரெக்கார்ட் பண்ணிக் கேளுங்க. நம்ம குரலை நாமே கேக்கறது முதல்ல கூச்சமாத்தான் இருக்கும். புதுச்சேரி பஸ்ல ஜன்னலோரம் உக்காந்து காதுல மாட்டிக்கிட்டுக் கேட்டாக்கூட போதும்.

சரி, இன்னைக்கு ராத்திரிக்கு ஒரு அட்டை தர்றேன்: 'வானிலை உங்க திட்டத்தை மாத்தின ஒரு நாள்.' 2011 டிசம்பர் 30, தானே புயல் கரையைக் கடந்தப்போ கடலூர், புதுச்சேரி பக்கம் இருந்தவங்க விஷயம் தேடவே வேண்டாம். அப்ப நீங்க சின்னப் பிள்ளையா இருந்திருந்தா, அன்னைக்கு வீட்ல என்ன நடந்துச்சுன்னு அம்மாகிட்ட கேட்டுட்டு வாங்க.

பென்சில் எடுத்தாச்சா? 1 நிமிஷம், இப்ப ஓடுது.

[திரையில் 60லிருந்து இறங்கும் கடிகாரம், அலைச் சத்தம் மட்டும்]