கட்டளையிடும் குரலிலா, கீழ்ப்படிந்த வாழ்விலா?

மதிப்பிற்குரிய நடுவர் ஐயா அவர்களே, குன்னூரின் இந்தக் குளிரிலும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அறுப்பின் பண்டிகைப் பட்டிமன்றத்துக்கு வந்து அமர்ந்திருக்கிற சபையாரே, அனைவருக்கும் என் ஸ்தோத்திரங்கள். விசுவாசியின் ஆவிக்குரிய அதிகாரம், அதாவது பிசாசை மேற்கொள்ள ஆண்டவர் தரும் அதிகாரம், விளங்குவது கட்டளையிடும் குரலிலா, கீழ்ப்படிந்த வாழ்விலா என்ற கேள்விக்கு, வாழ்விலேதான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய அண்ணன், சர்ப்பங்களையும் தேள்களையும் மிதிக்க நமக்கு அதிகாரம் உண்டு என்ற லூக்கா 10:19-ஐ எடுத்துக் காட்டி, சத்தமிட்டுச் சத்துருவைக் கடிந்துகொள்ளாத விசுவாசி உறையை விட்டு வாளை உருவாத சேவகன் என்றார். அந்த வசனத்தை நானும் முழு இருதயத்தோடு நம்புகிறேன். ஆனால் அண்ணன் ஒரு வசனம் முன்னதாகவே வேதத்தை மூடிவிட்டார். ஆவிகள் தங்களுக்குக் கீழ்ப்படிகின்றன என்று பூரித்துத் திரும்பி வந்த சீஷர்களிடம், அதற்காகச் சந்தோஷப்படாமல் உங்கள் நாமங்கள் பரலோகத்தில் எழுதியிருப்பதற்காகச் சந்தோஷப்படுங்கள் என்று ஆண்டவர் சொன்னது 20-ஆம் வசனம்.

குரலில்தான் அதிகாரம் என்றால், எபேசுவில் பொல்லாத ஆவி பிடித்த ஒருவனிடமிருந்து அதைத் துரத்தப் போன, யூத ஆசாரியன் ஸ்கேவாவின் குமாரர் ஏழு பேரும் ஏன் காயப்பட்டு வஸ்திரமில்லாமல் ஓடினார்கள்? அவர்கள் சொன்னதும் இயேசுவின் நாமந்தான், இட்டதும் கட்டளைதான். 'இயேசுவை அறிவேன், பவுலையும் அறிவேன், நீங்கள் யார்' என்று பொல்லாத ஆவி கேட்டது, அவர்கள் யாருக்குக் கீழ்ப்பட்டவர்கள் என்பதையே.

கப்பர்நகூமின் நூற்றுக்கு அதிபதி இதை நன்றாக அறிந்திருந்தார். தம் வேலைக்காரன் சொஸ்தமாக ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று ஆண்டவரிடம் வேண்டிக்கொண்ட அந்தப் படைத்தலைவர், தமக்குக் கீழே இருந்த சேவகரைச் சொல்வதற்கு முன், தாமே அதிகாரத்துக்குக் கீழ்ப்பட்டவர் என்பதைச் சொன்னார். நம் மலை ரயிலைப் பாருங்கள். கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை, ஏறக்குறைய 12 அடிக்கு 1 அடி உயரும் செங்குத்தில், இன்ஜின் பெட்டிகளின் பின்னால் நின்று தள்ளிக்கொண்டு வருகிறது. அதன் பற்சக்கரம் நடுவிலிருக்கும் பல் தண்டவாளத்தில் பதிந்திருக்கும் வரைதான் அந்தப் பலம் பெட்டிகளை மேலே ஏற்றும். பதியாவிட்டால் எவ்வளவு நீராவி இருந்தும் பயனில்லை. 'தேவனுக்குக் கீழ்ப்படிந்திருங்கள், பிசாசுக்கு எதிர்த்து நில்லுங்கள்' என்று யாக்கோபு எழுதிய வரிசையும் அதுவே.

நான் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். என் அம்மா தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர்கள். எஸ்டேட் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் நாங்கள் குடியிருந்த காலத்தில், உறைபனி கொட்டிய ஒரு ஜனவரி விடியலில், குங்குமம் தடவி இரண்டாக அறுத்த எலுமிச்சம்பழம் எங்கள் வாசற்படியில் கிடந்தது. தண்ணீர்க் குழாய்ச் சண்டையில் நான்கு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லாதிருந்த பக்கத்து வீட்டுச் சித்திதான் செய்வினை வைத்தாள் என்று லைன் முழுவதும் பேசிக்கொண்டது. அது உண்மையா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. அம்மா அந்தப் பழத்தை வெறுங்கையால் எடுத்து அடுப்பில் போட்டார்கள். 'இயேசுவின் நாமத்தினாலே இந்த வீட்டில் பயத்துக்கு இடமில்லை' என்று சொன்னார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. பிறகு அதே அடுப்பில் தேநீர் போட்டு, ஒரு டம்ளரில் ஊற்றி, அந்தச் சித்தியின் கதவைத் தட்டினார்கள். நான் அழுது தடுத்தபோது, 'பயப்படுறவங்கதான் பகைக்கணும், நமக்கு எதுக்கு?' என்றார்கள். சித்தி டம்ளரை வாங்கினாள், ஒன்றும் பேசவில்லை. அன்று மாலை கொழுந்து நிறுக்கும் இடத்தில் அம்மாவின் தலைக்கு மூட்டையைத் தூக்கிவிட்டது அவள் கைதான்.

இது நல்ல குணம், அதிகாரமல்ல என்று எதிரணி சொல்லலாம். அவர்களுக்கு யோவான் 13-ஆம் அதிகாரத்தை வைக்கிறேன். 2-ஆம் வசனத்தில், காட்டிக்கொடுக்கும்படி பிசாசு யூதாஸின் இருதயத்தைத் தூண்டியாயிற்று. 3-ஆம் வசனத்தில், பிதா எல்லாவற்றையும் தம் கையில் ஒப்புக்கொடுத்திருக்கிறார் என்று இயேசு அறிந்திருக்கிறார். சத்துரு அதே அறையில் வேலை செய்கிறான், சகல அதிகாரமும் கையில் இருக்கிறது. அண்ணனின் வாதப்படி அங்கே ஒரு கட்டளை முழங்கியிருக்க வேண்டும். 4-ஆம் வசனத்தில் அவர் எழுந்து, சீலையை அரையிலே கட்டுகிறார். பாத்திரத்தில் தண்ணீர் வார்த்துச் சீஷருடைய கால்களைக் கழுவுகிறார். யூதாஸ் வெளியே போனது அதற்குப் பிறகுதான், நடுவர் அவர்களே. அவனுடைய காலும் கழுவப்பட்ட கால். தீர்ப்புச் சொல்லுமுன் இந்த வசனங்களை ஒருமுறை வாசிக்கும்படி உங்களைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.