தட்டில் இருந்த கறுப்புத் துண்டும் கமெண்டில் நடந்த சண்டையும்

வணக்கம் மக்களே! மைக்குக்குப் பஞ்சு உறை போட்டும் இந்த இரைச்சல்தான். வட அட்லாண்டிக்கில் டென்மார்க்கைச் சேர்ந்த இந்த ஃபேரோ தீவுகளின் காற்றை யாரும் ஒன்றும் செய்ய முடியாது, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக் கேளுங்கள்.

போன வீடியோவில் சாப்பாட்டு மேசை ஒரு ஐந்து விநாடி வந்திருக்கும். அந்த ஐந்து விநாடிக்கு வந்த கமெண்டைப் படித்து முடிக்கவே ராத்திரி போய்விட்டது. இந்த மாதத்தில் இங்கே ஒழுங்காக ராத்திரியே வருவதில்லை, அது வேறு கதை. தட்டில் கறுப்பாக இருந்தது என்ன என்று ஒருவர் கேட்டார், இங்கே கூட்டமாகக் கரைக்கு ஓட்டி வேட்டையாடும் திமிங்கிலத்தின் கறி என்று இன்னொருவர் சரியாகச் சொன்னார், அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. ஒரு கட்சி 'காட்டுமிராண்டிகள்' என்கிறது. இன்னொரு கட்சி 'அவர்கள் கலாச்சாரம், கேட்க நீ யார்' என்கிறது. நடுவில் நான் அதைச் சாப்பிட்டேன் என்று முடிவே கட்டிவிட்டு அன்சப்ஸ்கிரைப் செய்தவர்களும் உண்டு. சாப்பிட்டேனா இல்லையா என்று சொல்கிறேன், பொறுங்கள்.

இந்த வேட்டையும் நம் ஜல்லிக்கட்டும் ஒன்றுதான் என்றவர்களுக்கு முதலில் பதில். நாம் மாட்டைப் பிடித்துவிட்டு வீட்டுக்கு ஓட்டிப்போய்ப் புண்ணாக்கு வைக்கிறோம். இங்கே கூட்டம் கூடுவதே கொல்வதற்கு. இரண்டையும் 'பாரம்பரியம்' என்ற ஒரே பையில் போட்டுக் குலுக்காதீர்கள். அதேபோல், சிக்கன் 65 தட்டை மடியில் வைத்துக்கொண்டு கடல் சிவந்த போட்டோவுக்கு அழுகிறவர்களையும் எனக்குப் பிடிக்காது. அந்தக் கோழி எப்படிச் செத்தது என்று போட்டோ பிடிக்க விட்டார்களா?

சரி, நான் இப்போது நிற்கும் இடம் ஸ்கோலபொட்னுர். எய்ஸ்துராய் தீவில் ஒரு நீளமான கடற்கழி உள்ளே வந்து முடிகிற மூலை. தலைநகர் தோர்ஸ்ஹவ்னிலிருந்து கடலுக்கு அடியில் சுரங்கப் பாதையில் வந்தேன், அதைப் பற்றி ஒரு நிமிடம் பேசாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. 2020 டிசம்பரில் திறந்தது, 11 கிலோமீட்டருக்கு மேல், நடுவில் ஒரு ரவுண்டானா! கடலுக்கு அடியில் கட்டிய உலகின் முதல் ரவுண்டானா அதுதான். ஒரு தடவை போக 175 குரோனர், திரும்பி வர இன்னொரு 175, நம் காசில் நாலாயிரத்துக்கு மேல். வழியில் சுங்கச்சாவடியே கிடையாது, கேமரா நம்பரைப் படித்துவிடுகிறது, வாடகைக் கார்க்காரர் அதன் மேல் தன் பங்குக்குச் 'சேவைக் கட்டணம்' என்று ஒன்றைச் சேர்த்துவிடுகிறார். என்ன சேவை செய்தீர்கள் ஐயா? வண்டியை ஓட்டியது நான். ஆனால் ஒன்று கண்டுபிடித்தேன். கட்டணம் சுரங்கத்துக்குத்தான், ரவுண்டானாவில் எத்தனை சுற்றுச் சுற்றினாலும் கூடுதல் காசு இல்லை! கொடுத்த காசுக்குச் சுற்றோ சுற்று என்று சுற்றினேன். பின்னால் வந்தவர் ஹாரன்கூட அடிக்கவில்லை, தங்கமான மனிதர்கள்.

அந்த ரவுண்டானாவைச் சுற்றி ஆட்கள் கை கோத்து நிற்பது போல உலோகத்தில் செய்து வைத்திருக்கிறார்கள். துரொந்துர் பாதுர்சன் என்ற உள்ளூர்க் கலைஞரின் வேலை. அது இவர்களுடைய வளைய நடனம். முன்பெல்லாம் திமிங்கில வேட்டை முடிந்த இரவில் ஊரே சேர்ந்து அந்த ஆட்டம் ஆடுமாம். சுற்றிக்கொண்டிருந்தபோது எனக்கு இது தெரியாது, தெரிந்திருந்தால் இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றியிருப்பேன்.

வேட்டைக்கு இங்கே கிரிண்ட் என்று பெயர். வேட்டையாடுவது பைலட் திமிங்கிலத்தை. பெயரில் திமிங்கிலம் இருந்தாலும் அது ஓங்கில், அதாவது டால்பின் குடும்பம்தான், அதனால் டால்பின் வேட்டை என்றாலும் பொருந்தும். தனி சீசன் கிடையாது, கூட்டம் கண்ணில் பட்டால் வேட்டை. பார்த்தவர் தகவல் சொல்ல வேண்டும், முன்பு மலைமேல் தீ மூட்டினார்கள், இப்போது போன். அந்தப் பகுதி அதிகாரி சரி என்றால்தான் படகுகள் பின்னால் அரைவட்டமாக நின்று கூட்டத்தைக் கரைக்கு ஓட்டும், அதுவும் அனுமதித்த குடாக்களுக்கு மட்டும். கரையில் நிற்பவர்கள் மூச்சுத்துளையில் ஒரு மழுங்கிய கொக்கியை மாட்டி இழுத்து, தனி ஈட்டியால் தண்டுவடத்தை அறுக்கிறார்கள். 2015 முதல் பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வாங்கியவர்தான் கொல்லலாம். ரத்தக்குழாயும் சேர்ந்து அறுபடுவதால் தண்ணீர் சிவக்கிறது, நீங்கள் பார்த்த போட்டோ அதுதான். 1584 முதல் பதிவு இருக்கிறது, 1709 முதல் விடாமல் கணக்கு இருக்கிறது, சராசரி ஆண்டுக்கு 800 வாக்கில். இனம் அழிந்துவிடும் என்பவர்கள் கவனிக்க, வட அட்லாண்டிக்கில் இவை லட்சக்கணக்கில் இருக்கின்றன. அந்த வாதம் இங்கே எடுபடாது, வேறு வாதம் கொண்டு வாருங்கள்.

ஓட்டினால் ஏன் கூட்டமாகவே வருகின்றன என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் உடன்குடிப் பக்கத்து ஆட்களுக்கு அதைச் சொல்லவே வேண்டாம். 2016 ஜனவரியில் மணப்பாடு முதல் கல்லாமொழி வரை 80-க்கும் மேற்பட்டவை கரை ஒதுங்கின இல்லையா, அவையும் பைலட் திமிங்கிலம்தான், வெப்பக்கடல் வகை. மீனவர்கள் படகில் கட்டி இழுத்து ஆழத்தில் விட்டால் அவை திரும்பத் திரும்பக் கரைக்கே வந்தன, பாதிக்கு மேல் செத்துப்போயின. தாய்வழிக் கூட்டம், ஒன்று போகும் இடத்துக்குத்தான் மற்றதும் போகும். அங்கே காப்பாற்ற முடியாமல் செய்த அதே குணம்தான் இங்கே வேட்டையை நடத்திக் கொடுக்கிறது. அந்த வாரம் நம் மக்கள் பட்ட பாட்டைக் கேட்டு வளர்ந்துவிட்டு இங்கே வந்து நிற்பது எனக்கு அவ்வளவு லேசாக இல்லை.

இந்த இடத்துக்கு ஏன் வந்தேன் என்றால், 2021 செப்டம்பர் 12. அன்று இந்த மூலைக்கு ஓட்டி வந்தது பைலட் திமிங்கிலம் இல்லை, வெள்ளை விலா ஓங்கில். ஒரே நாளில் கொன்றது 1,428 என்று செய்தி வந்தது, அப்புறம் அதிகாரப்பூர்வமாக 1,423. இவ்வளவு பெரிய எண்ணிக்கை யாருக்கும் நினைவில் இல்லை. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது, திட்டியது வெளிநாட்டுக்காரர்கள் மட்டும் இல்லை. பார்த்தபோது 200 இருக்கும் என்றுதான் நினைத்தோம், நடந்தது பெரிய தவறு என்று வேட்டையாடுவோர் சங்கத் தலைவரே சொன்னார். அந்த வாரம் உள்ளூரில் எடுத்த கருத்துக்கணிப்பில் பாதிக்கு மேல் இந்த ஓங்கில் வேட்டை வேண்டாம் என்றார்கள். பைலட் திமிங்கில வேட்டை? அது தொடரட்டும் என்று 80 சதவீதத்துக்கு மேல்! ஆக, 'அவர்கள் கலாச்சாரம்' என்று இங்கிருந்து கமெண்ட் போடுகிறவர் எதை ஆதரிக்கிறார் என்று அவருக்கே தெரியாது. அந்தக் கலாச்சாரத்துக்காரர்களே ஒன்றுக்கு ஆம், இன்னொன்றுக்கு இல்லை என்கிறார்கள். அரசு 2022-இல் அந்த ஓங்கிலுக்கு ஆண்டுக்கு 500 என்று தற்காலிக வரம்பு வைத்தது. 500-க்கு மட்டும் என்ன தேவை என்று எனக்குப் புரியவில்லை, வைத்தால் பூஜ்யம் வைத்திருக்கலாம்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று தங்கும் வீட்டுப் பாட்டியிடம் கேட்டேன். பங்குதான் வித்தியாசம் என்றார். கிரிண்ட் முடிந்ததும் ஒவ்வொரு உடலிலும் எண் வெட்டி, கோல் வைத்து அளந்து, யாருக்கு எவ்வளவு என்று சீட்டு எழுதிக் கொடுப்பார்கள், காசு கிடையாது. வேட்டைக்கு வந்தவருக்கும் பங்கு, ஊருக்கும் பங்கு. ஆனால் 1,423-ஐ யார் அறுப்பது, யார் எடுத்துப்போவது? தீவுகள் எல்லாம் சேர்த்தே 54 ஆயிரம் பேர்தான். எனக்கு இந்தப் பங்குக் கணக்கு பிடித்திருக்கிறது, ஒளிக்காமல் சொல்கிறேன். தின்பதற்கு, பகிர்வதற்கு என்றால் நான் வாயை மூடிக்கொள்வேன். அளவு மீறினால் அதைப் பாரம்பரியம் என்று சொல்லி மூடக்கூடாது.

இப்போது அந்தத் தட்டு. மறந்தே போய்விட்டேன் பாருங்கள். காற்றில் காயவைத்த கறி, நம் கருவாடு மாதிரி, பக்கத்தில் வெள்ளையாகக் கொழுப்பு, வேகவைத்த உருளைக்கிழங்கு. பாட்டி தட்டை என் பக்கம் நகர்த்தும் முன் என்னைப் பார்த்து, 'குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா?' என்றார். எனக்கு வந்ததே கோபம்! இந்தக் கேள்விக்குப் பயந்துதான் நான் ஊரில் கல்யாண வீட்டுக்கே போவதில்லை, ஏழு கடல் தாண்டி வந்தால் இங்கேயும் ஒரு அத்தையா? முகத்தைப் பார்த்துவிட்டு அவரே சிரித்துக்கொண்டு விளக்கினார். கறியில் பாதரசம், கொழுப்பில் பிசிபி என்ற நச்சு வேதிப்பொருள். குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கு அவர் போடுவதே இல்லை, தன் மகளுக்கும் போட்டதில்லை.

இதைக் கண்டுபிடித்தது எந்த வெளிநாட்டுப் போராளியும் இல்லை. போல் வைஹெ என்ற இந்த ஊர் மருத்துவர் இருந்த குழு. 1986, 87-இல் இங்கே பிறந்த ஆயிரம் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, கருவிலேயே பாதரசம் அதிகம் பட்டவர்களுக்கு ஏழு வயதில் மொழி, கவனம், நினைவாற்றல் குறைவதைக் காட்டினார்கள். 2008-இல் அவரும் தலைமை மருத்துவ அதிகாரியும் இந்தக் கறியை மனிதர் சாப்பிடவே வேண்டாம் என்று பரிந்துரைத்தார்கள். 2011-இல் உணவுத்துறை கொஞ்சம் இறங்கி, மாதம் ஒரு வேளைக்கு மேல் வேண்டாம், கர்ப்பிணிகள் தொடவே வேண்டாம் என்றது. சொந்த ஊர்ச் சாப்பாட்டை எதிர்த்து ஒரு மருத்துவர் இப்படி நிற்பதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும்! பாதரசம் இவர்கள் கொட்டியதும் இல்லை, எங்கெங்கோ எரியும் நிலக்கரியின் புகையில் இருப்பதும் கடலில் இறங்கி, மீனிலும் கணவாயிலும் ஏறி, அவற்றைத் தின்னும் திமிங்கிலத்தில் சேர்கிறது. நாம் எரிப்பதும் அதில் உண்டு.

ஆக, நான் சாப்பிடவில்லை. உருளைக்கிழங்கும், கையோடு கொண்டுவந்த பருப்புப் பொடியும். பாட்டிக்கும் பொடி பிடித்துவிட்டது, பாட்டிலையே வைத்துக்கொண்டார், இனி கோபன்ஹேகன் திரும்பும்வரை எனக்கு என்ன கதியோ.

கடைசியாக, ஜப்பானின் டைஜி ஊரில் நடக்கும் ஓங்கில் வேட்டையும் இதுவும் ஒன்றா என்று கேட்டிருந்தவருக்கு. ஓட்டிப் பிடிப்பது ஒன்றுதான். ஆனால் அங்கே நல்லதாகப் பார்த்து உயிரோடு காட்சியகங்களுக்கு விற்கிறார்கள், ஒன்றின் விலை கறி விலையைவிடப் பல மடங்கு. அங்கேயும் 400 வருடப் பாரம்பரியம் என்கிறார்கள், 1606-இல் திமிங்கில வேட்டையைக் குழுவாகத் தொடங்கியது உண்மைதான். இப்படி ஓங்கிலைக் கூட்டமாக ஓட்டிப் பிடிப்பது பெரிதானது 1969-இல், திமிங்கில அருங்காட்சியகம் திறந்தபோது. 2015-இல் ஜப்பானிய உயிரியல் பூங்காச் சங்கமே அங்கிருந்து வாங்குவதை நிறுத்தியது, அந்த அருங்காட்சியகம் சங்கத்தைவிட்டு விலகியது. அங்கே போய் வீடியோ போடச் சொல்லாதீர்கள், ஓங்கில் காட்சிக்கு டிக்கெட் எடுத்து நான் அந்த வியாபாரத்துக்குப் பணம் கட்டப் போவதில்லை. நீங்களும் பந்து தட்டும் ஓங்கிலுடன் எடுத்த செல்ஃபியை எனக்கு அனுப்பாதீர்கள்.

நாளைக்குக் காற்று விட்டால் மிச்சினெஸ் தீவுக்குப் படகு, பஃபின் பறவை பார்க்க. அங்கே மலைமேல் நடப்பதற்கே தனிக் கட்டணமாம். நடக்க! வாடகைக் கார்க்காரருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று இப்போது தெரிகிறது. வரட்டுமா.