பாதியாகக் குறைந்தால் போதுமா?

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

வலிப்புக்கு ஒரு புது மருந்து வருகிறது. ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையோடு அதையும் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கிறார்கள். அது வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வலிப்பு பாதிக்குப் பாதியோ அதற்கு மேலோ குறைந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுவது நெடுநாள் வழக்கம். மாதம் எட்டு முறை வந்தது நான்காகிவிட்டால் அவர் வெற்றிக் கணக்கில் சேர்ந்துவிடுவார்.

பிரிட்டனில் வலிப்பு உள்ளவர் கார் ஓட்டப் பொதுவாக 12 மாதம் ஒரு வலிப்புகூட வந்திருக்கக் கூடாது. எட்டு நான்கானாலும், ஏன், ஒன்றானாலும் லைசென்ஸ் கிடையாது. குறைந்தது அற்பம் என்று நான் சொல்லவில்லை. அடிக்கடி விழுந்து அடிபட்டவருக்கு அதுவே பெரிய நிம்மதி. ஆனால் எவ்வளவு குறைந்தால் போதும் என்பதை யாரைக் கேட்டு முடிவு செய்தோம்?

அதனால்தான் ஆய்வை மதிப்பிடும் மேசையில் நோயாளிக்கும் நாற்காலி வேண்டும் என்கிறேன். பிஎம்ஜே மருத்துவ இதழ் 2014 முதல் கட்டுரைகளை நோயாளிகளிடமும் கொடுத்துக் கருத்துக் கேட்கிறது. பிரிட்டனில் ஜேம்ஸ் லிண்ட் கூட்டணி என்ற அமைப்பின் முறைப்படி நோயாளிகள், குடும்பத்தார், மருத்துவர்கள் எல்லோரும் சேர்ந்து வலிப்பு ஆய்வில் முதலில் விடை தேட வேண்டிய 10 கேள்விகளைத் தேர்ந்தெடுத்து 2022-இல் வெளியிட்டார்கள். பெண்களின் ஹார்மோன் மாற்றங்கள் வலிப்பை என்ன செய்கின்றன என்பது அதில் ஒன்று. மாதவிலக்கை ஒட்டி வலிப்பு கூடுகிறது என்று பெண்கள் எத்தனை காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்!

'நோயாளிகளுக்குப் புள்ளியியல் தெரியுமா?' என்று கேட்பார்கள். தெரிய வேண்டாம், அதற்குப் புள்ளியியலாளர் இருக்கிறார். நோயாளியின் கண்ணுக்குப் படுவது வேறு. 'ஒவ்வொரு வலிப்பையும் டைரியில் குறிக்கவும்' என்று ஆய்வுத் திட்டத்தில் எழுதியிருக்கும். வலிப்பில் நினைவு தப்பிவிடுகிறதே, யார் குறிப்பது? தனியாகத் தூங்குகிறவருக்கு இரவில் வந்தது எப்படித் தெரியும்? காலையில் நாக்கு கடிபட்டிருந்தால், உடம்பு அடித்துப் போட்டதுபோல வலித்தால், சரி, வந்திருக்கிறது என்று ஊகிப்பார். அந்த ஊகத்தின் மேல்தான் நம் எண்கள் நிற்கின்றன. அப்புறம், 'காலை எட்டு மணிக்கு மருத்துவமனைக்கு வரவும்' என்றிருக்கும். கார் ஓட்ட முடியாதவர் விடியுமுன் எழுந்து பஸ் பிடிக்க வேண்டும். தூக்கம் கெட்டாலே பலருக்கு வலிப்பு வரும்.

வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்தின் கதைக்கு வருகிறேன். பிரிட்டனில் 1970-களிலிருந்து கொடுக்கப்படும் நல்ல மருந்து. சிலவகை வலிப்புக்கு இன்றும் அதை மிஞ்சுவது கடினம். ஆனால் கர்ப்பத்தில் சாப்பிட்டால் 10 குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்றுக்கு உடல் குறைபாடு. 10-இல் மூன்று, நான்கு பேருக்கு வளர்ச்சிச் சிக்கல். குழந்தைகளிடம் ஏதோ சரியில்லை என்று சொன்ன தாய்மார்களின் பேச்சுக்கு நெடுங்காலம் மதிப்பில்லை. ஜூலியா கம்பர்லெஜ் தலைமையில் பிரிட்டன் அரசு அமைத்த விசாரணை, நோயாளிகளின் குரல் காதில் வாங்கப்படவில்லை என்று 2020-இல் வெளிப்படையாகவே எழுதியது. அந்தத் தாய்மார்களில் சிலராவது மதிப்பாய்வில் இருந்திருந்தால் 'பிறந்த பிள்ளைகளைப் பள்ளி வயதுவரை தொடர்ந்து பார்க்கிறீர்களா?' என்ற கேள்வி இன்னும் சீக்கிரம் எழுந்திருக்கும் என்பது என் கணிப்பு.

நோயாளிகளைக் கூப்பிடுவதிலும் ஓட்டை உண்டு. நன்றாகப் பேசத் தெரிந்த, வலிப்பு ஓரளவு கட்டுக்குள் இருக்கிற ஒருவரையே எல்லாக் கூட்டத்துக்கும் கூப்பிடுகிறார்கள். தினமும் பல முறை வலிப்பு வருகிறவரை, கற்றல் குறைபாடும் சேர்ந்தவரை யார் கூப்பிடுகிறார்கள்? அவருக்காகப் பேச அம்மாவோ அக்காவோ வரட்டும். வீட்டிலிருந்தே பேச வழி செய்யுங்கள். பேராசிரியருக்குப் படி கொடுக்கிறோம், இவர்களுக்கு டீயும் நன்றிக் கடிதமுமா? அதைவிட முக்கியம், திட்டம் அச்சாகி வந்த பிறகு கையில் கொடுக்காதீர்கள். அப்போது எழுத்துப் பிழைதான் திருத்த முடியும். எதை அளப்பது என்று முடிவாகும் முதல் கூட்டத்துக்கே கூப்பிடுங்கள்.