சோளகம் ஓய்ந்து மழை வருமுன்

சபையில் இருக்கும் கமக்கார ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும் வணக்கம்.

புரட்டாசியில் வானொலி வானிலை அறிக்கையைக் கேட்கிறவர்களுக்கு ஒரு வசனம் மனப்பாடமாகியிருக்கும்: வடக்கில் பிரதானமாகச் சீரான வானிலை நிலவும். அதற்குப் பின்னால் இன்னொன்றும் வரும்: வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களில் சில இடங்களில் பிற்பகலில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும். முதல் வசனத்தை மட்டும் கேட்டவர் வேலையைத் தள்ளிப்போடுகிறார். இரண்டாவதை மட்டும் கேட்டவர் விதைநெல் மூட்டையை அவிழ்க்கிறார். இருவருக்கும் நட்டம் வரலாம்.

காரணத்தைப் பார்ப்போம். தென்மேல் பருவக்காற்று தன் ஈரத்தை மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, வறண்ட சூட்டோடு வன்னிக்கு இறங்குகிறது. நாங்கள் சோளகம் என்று சொல்வது அதைத்தான். செப்டெம்பர் கடைசியில் அது தளரும். மழை கொண்டுவரும் வடகீழ்க் காற்றான வாடை பிறக்க இன்னும் நாள் இருக்கும். ஆகஸ்ட் கடைசியில் எங்கள் உச்சந்தலைக்கு நேரே நின்ற சூரியன் அப்போதுதான் தெற்கே நகர்ந்திருக்கும், நிலமோ சூடு ஆறியிராது. காற்று அடங்கி, வானம் வெளுத்து, பகல் வெப்பம் 33, 34 பாகையில் நிற்கும். பிற்பகலில் முல்லைத்தீவுக் கரையிலிருந்து கடற்காற்று உள்ளே வரும். மிச்சமிருக்கும் சோளகத்தோடு அது முட்டும் இடத்தில் முகில் குவிந்து அரை மணி நேரம் கொட்டும். ஒட்டுசுட்டானில் வாய்க்கால் ஓடும், மாங்குளத்தில் புழுதி பறக்கும். இதைப் பருவமழையின் தொடக்கம் என்று எண்ணக்கூடாது. அறிக்கையில் வங்காள விரிகுடாத் தாழமுக்கம் பற்றியோ, வட, தென் அரைக்கோளக் காற்றுகள் சந்திக்கும் வலயம் பற்றியோ பேச்சு வந்து, மழை பல மாவட்டங்களில் அடுத்தடுத்த நாள்களில் பதிவானால் அதுதான் நம்பக்கூடிய அடையாளம்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் மழை என்றால் 1 லீற்றர் தண்ணீர். ஏக்கருக்கு ஏறக்குறைய 4,000 லீற்றர். 20 மில்லிமீற்றர் பெய்தால் 80,000 லீற்றர். கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் புரட்டாசி வெயில் நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் அளவில் குடித்துவிடும். நான்கு நாளில் மேல்மண் மறுபடி புழுதி. அதற்குள் நெல் ஊறி, முளை வெளியே வந்து, வேர் ஒரு அங்குலம்கூட இறங்கியிராது. அந்தப் பயிர் கருகும். ஈரமே படாத விதை காய்ந்த புழுதிக்குள் வாரக்கணக்காகக் கிடக்கும், எறும்பும் எலியும் குருவியும் எடுப்பதைத் தவிர அதற்குக் கேடில்லை. அரை ஈரம்தான் அதைக் கொல்கிறது.

அதனால் மழைக்கு முன் காய்ந்த மண்ணில் வீசும் புழுதி விதைப்பே வேண்டாம் என்பதல்ல. மானாவாரி வயலுக்கு அதை விட்டால் வழியில்லை. விதை கிடக்கும் ஆழத்தைக் கவனியுங்கள். வீசிவிட்டு மேலோட்டமாக மறுத்து உழுது, ஒன்று முதல் ஒன்றரை அங்குலம் மண் மூட வேண்டும். சிறு தூறல் அவ்வளவு தூரம் இறங்காது. இரண்டு அங்குலத்தைத் தாண்டினால் முளை மேலே வராது, பெருமழைக்குப் பின் மேல்மண் இறுகினால் அறவே வராது. சேற்று விதைப்புக்கு ஏக்கருக்கு 2 புசல் (நெல் அளக்கும் அளவு) காணும், புழுதிக்கு 3 வரை வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் வீசாமல் மூன்றில் ஒரு பங்கைக் கையில் வையுங்கள், செத்த இடம் நிரப்ப உதவும். முன்கூட்டியே 100 நெல்லை ஈரச் சாக்கில் சுற்றி ஒரு கிழமைக்குள் எண்ணிப் பாருங்கள். 85க்குக் குறைவாக முளைத்தால் விதையை மாற்றுங்கள்.

மண்ணின் ஈரத்தைக் கையாலேயே அறியலாம். ஆறு அங்குலம் தோண்டி ஒரு பிடி மண்ணை இறுக்குங்கள். பிடி நிற்காமல் உதிர்ந்தால் ஈரமில்லை. உருண்டையாக நின்று, இடுப்பளவிலிருந்து போட்டதும் உடைந்தால் உழவுக்கு நல்ல பதம். விரலில் ஒட்டினால் பொறுங்கள். முருங்கன், துணுக்காய்ப் பக்கத்துக் கருங்களிக்கு இது மிக முக்கியம். காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் உழவு இயந்திரம் புதையும், நடுவில் கிடைப்பது சில நாள்தான்.

மழையை நீங்களே அளக்கலாம். நேர்ச்சுவருள்ள தகரப்பேணி ஒன்றை, பக்கத்து மரத்தின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரத்தில் வைத்து, காலை 8.30க்கு அடிமட்டத்தால் பாருங்கள். வளிமண்டலவியல் திணைக்களமும் அந்த நேரத்தில்தான் அளக்கிறது, ஒப்பிட வசதி. இடிச்சத்தம் கேட்டால் வயலை விட்டு வீட்டுக்குள் போங்கள், கடைசி இடிக்குப் பின் அரை மணி நேரம் வெளியே வரவேண்டாம்.

அடுத்தது குளம். காற்றும் மழையும் இல்லாத இந்த நாள்களை விட்டால் அணைக்கட்டில் வேலை செய்ய வேறு நாள் கிடையாது. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளம் நிரம்பி வான்பாய்ந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் தண்ணீருக்குள் கிடந்ததைப் பார்த்தவர்கள் நாம். அணைக்கட்டில் வளர்ந்த பற்றையை வெட்டுங்கள். கறையான் புற்றையும் உடும்புப் பொந்தையும் தேடுங்கள். பலர் செய்யும் பிழை, பொந்துக்குள் காய்ந்த மண்ணைத் தள்ளி மேலே மிதித்துவிடுவது. குளம் நிறைந்ததும் தண்ணீர் அதே வழியாகத்தான் ஊறும். அடிவரை தோண்டி, களிமண்ணைப் பதமாக நனைத்து, ஆறு அங்குலப் படையாக இட்டு ஒவ்வொரு படையையும் இடித்து இறுக்க வேண்டும். குளத்துத் தண்ணீரை வயலுக்குத் திறந்துவிடும் துருசுக் கதவை ஒரு தடவை முழுதாகத் திறந்து மூடிப் பார்த்து, திருகுதண்டுக்குக் கிறீஸ் பூசுங்கள். மிகுநீர் வழிந்தோடும் கலிங்கில் கிடக்கும் மரக்கட்டையை அப்புறப்படுத்துங்கள். கலிங்கின் மேல் மண்மூட்டை அடுக்கித் தண்ணீரை உயர்த்தாதீர்கள், அந்த அழுத்தம் அணைக்கட்டுக்குத்தான் வரும்.

பெரிய உடைவு இருந்தால் கையால் அடைக்க முயலவேண்டாம். 200 ஏக்கருக்குள் பாயும் சிறு குளம் என்றால் கமநல சேவை நிலையத்திலும், பெரியதென்றால் நீர்ப்பாசனத் திணைக்களத்திலும் எழுத்தில் கொடுங்கள். காலபோகக் (பெரும்போக) கூட்டத்துக்கு முன்பே அது போய்ச் சேர வேண்டும். விதைப்புத் திகதியும் தண்ணீர் திறக்கும் நாளும் அங்கேதான் முடிவாகும்.