கார்னூஸ்டியில் வென்றது யார்?

நண்பர்களே, வணக்கம். ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டி மைதானத்தில் நடந்த 1999 பிரிட்டிஷ் ஓபன் என்றதுமே கோல்ஃப் ரசிகர்களுக்கு ஒரே காட்சிதான் ஞாபகம் வரும். பிரான்ஸ் வீரர் ஜான் வான் டெ வெல்ட் பேண்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, வெறுங்காலோடு ஓடைத் தண்ணீரில் நிற்கிறாரே, அது. சரி, கோப்பை யார் கைக்குப் போனது என்று கேட்டுப் பாருங்கள். பலரும் தலையைச் சொறிவார்கள். அந்த ஆளைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். பெயர் பால் லாரி, ஸ்காட்லாந்தின் அபர்டீன்காரர்.

1986-ல், 17 வயதில், பான்கரி கிளப்பில் உதவியாளராகச் சேர்ந்து தொழில்முறைக்கு வந்தார். அப்போது அவருடைய ஹேண்டிகேப் 5, அதாவது மைதானத்துக்கு வகுத்த இலக்கைவிடச் சுமார் ஐந்து ஷாட் கூடுதலாக எடுக்கும் தரம். கிளப்பில் நன்றாக ஆடுகிறவர் என்று சொல்லலாம். சாம்பியன் ஆவார் என்று யாரும் பந்தயம் கட்டியிருக்க மாட்டார்கள்.

1999-ல் உலகத் தரவரிசையில் அவர் 159-வது இடம். தகுதிச்சுற்று ஆடித்தான் கார்னூஸ்டிக்குள்ளேயே நுழைந்தார். குறுகலான பாதை, இருபுறமும் உயரமான புல், கடலோரக் காற்று. பெரிய பெரிய ஆட்டக்காரர்களே திணறிய வாரம் அது. கோல்ஃபில் குறைவான ஷாட்டில் முடிப்பவருக்குத்தான் வெற்றி. நான்கு நாள் போட்டியில் மூன்று நாள் முடிந்தபோது, முன்னிலையில் இருந்த வான் டெ வெல்டைவிட லாரி 10 ஷாட் பின்னால் இருந்தார். கடைசி நாள் 67 அடித்து, மொத்தம் 290-ல் முடித்துவிட்டுக் காத்திருந்தார்.

வான் டெ வெல்டுக்குக் கடைசிக் குழியில் 6 ஷாட் போதும், கோப்பை அவருக்கு. 7 ஆகிவிட்டது. லாரி, வான் டெ வெல்ட், அமெரிக்கர் ஜஸ்டின் லெனார்ட் மூவரும் சமநிலை. வெற்றியாளரை முடிவுசெய்ய நான்கு குழி கூடுதல் ஆட்டம், அதாவது பிளே ஆஃப்.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு வழக்கு உண்டு. ‘அவர் தோற்றதால் இவர் ஜெயித்தார்’ என்பார்கள். பிளே ஆஃபில் மூவரும் சமமாகத்தானே தொடங்கினார்கள்? கடைசிக் குழிக்கு வரும்போது லாரி ஒரே ஒரு ஷாட் முன்னிலை. குழியைச் சுற்றியுள்ள குட்டைப் புல்தரைக்கு முன்னால் அதே ஓடை. ஒதுங்கி ஆடியிருக்கலாம். அவர் நாலாம் நம்பர் இரும்பு மட்டையை எடுத்து, பந்தைக் கொடிக்குச் சில அடி பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். கடைசி இரண்டு குழியிலும் பேர்டி, அதாவது இலக்கைவிட ஒரு ஷாட் குறைவு. 3 ஷாட் வித்தியாசத்தில் வெற்றி. கடைசி நாளில் 10 ஷாட் பின்தங்கியிருந்து மேஜர் பட்டம் (கோல்ஃபின் நான்கு பெரிய போட்டிகளில் ஒன்று) வென்றது ஆண்கள் கோல்ஃபில் இன்றும் சாதனைதான். இதையா அதிர்ஷ்டம் என்பது?

அப்புறம் வெற்றிகள் கொஞ்சம் வந்தன. 2002-க்குப் பிறகு ஒன்பது வருடம் ஒன்றும் இல்லை. அதற்கு முன்பே, 2001-ல், சிறுவர்களுக்கு கோல்ஃப் சொல்லித்தர அபர்டீனில் ஓர் அறக்கட்டளை தொடங்கியிருந்தார். 2011-ல் ஸ்பெயினில் மறுபடி ஒரு பட்டம். அடுத்த வருடம் கத்தாரிலும் ஸ்காட்லாந்தின் க்ளெனீகிள்ஸிலும் வென்று, 43 வயதில், ஐரோப்பாவும் அமெரிக்காவும் மோதும் ரைடர் கோப்பையின் ஐரோப்பிய அணிக்குத் திரும்பினார்.

அந்த ரைடர் கோப்பை நடந்த அமெரிக்காவின் மெடினாவில் கடைசி நாள் தொடங்கும்போது ஐரோப்பா 6 புள்ளி, அமெரிக்கா 10. லாரிக்கு எதிராக வந்தவர், முந்தின வாரம்தான் அமெரிக்கத் தொடரின் ஆண்டுப் பட்டமான ஃபெடெக்ஸ் கோப்பையை வென்றிருந்த பிராண்ட் ஸ்னெடெகர். இங்கே ஷாட்டை மொத்தமாகக் கூட்டுவதில்லை, யார் அதிகக் குழிகளை வெல்கிறார் என்பதே கணக்கு. மூன்று குழி மீதமிருக்கும்போதே, ஐந்து குழி முன்னிலையில், லாரி அந்த ஆட்டத்தை முடித்துவிட்டார். அன்று மாலை கோப்பை ஐரோப்பாவிடமே தங்கியது.