மூன்றாவது கோப்பை வேண்டுமா?

வணக்கம் நேயர்களே. ஹாக்கி என்றதும் நமக்குக் கோவில்பட்டி மைதானம் ஞாபகம் வரும். நான் இன்று பேச வந்திருப்பது ஐஸ் ஹாக்கியைப் பற்றி. அதுவும் கனடா எல்லையை ஒட்டிய அமெரிக்க மாநிலமான மினசோட்டாவில் பள்ளிப் பிள்ளைகள் ஆடும் ஐஸ் ஹாக்கி. மார்ச் மாதம் மாநிலப் போட்டி நடக்கும்போது செயின்ட் பால் நகரத்துப் பெரிய அரங்கில் ஒரே வேளையில் 18,000 பேருக்கு மேல் கூடுவார்கள். ஆடுவதோ பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள்.

ஆண்களுக்கு இப்போது அங்கே இரண்டு பிரிவுகள். பெரிய பள்ளிகளுக்கு டபுள் ஏ, மற்றவற்றுக்கு ஏ. இதோடு மூன்றாவதாக ஒரு பிரிவு வேண்டும் என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. கூடைப்பந்தில் 1997 முதலே நான்கு பிரிவுகள் இருக்கின்றன, ஹாக்கிக்கு மட்டும் ஏன் இரண்டு என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனாலும் மூன்றாவது பிரிவு வேண்டாம் என்பதே என் கருத்து.

மாநிலப் போட்டி 1945இல் தொடங்கியது. முதல் கோப்பையை வென்றது இரும்புச் சுரங்க ஊரான எவலெத். பிறகு 1948 முதல் 1951 வரை தொடர்ந்து நான்கு முறையும் அந்த ஊரே வென்றது. அப்போது பிரிவு என்று ஒன்று கிடையாது. சிற்றூரும் பெருநகரமும் ஒரே கோப்பைக்கு மோதின. 1969 இறுதிப் போட்டியை அங்குள்ள பெரியவர்கள் இன்னும் பேசுவார்கள். வடகோடியில் இருக்கும் வாரோடு என்ற சின்ன ஊரும், மினியாபொலிஸை ஒட்டிய வசதியான ஈடைனாவும் மோதின. வாரோடின் நட்சத்திரம் ஓஜிப்வே பழங்குடியைச் சேர்ந்த ஹென்றி பூஷே. ஆட்டத்தின் நடுவில் அடிபட்டு அவர் மருத்துவமனைக்குப் போக வேண்டியதாயிற்று. அவர் இல்லாமலேயே வாரோடு விடாமல் போராடி, கூடுதல் நேரத்தில் 5-4 என்று தோற்றது. பூஷே 1972 ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் பெற்ற அமெரிக்க அணியில் ஆடினார்.

இப்படிக் கதைகள் இருந்தாலும், காலப்போக்கில் புறநகர்ப் பள்ளிகள் பெருத்தன, சுரங்க ஊர்கள் இளைத்தன. சிறிய ஊர்களுக்கு மாநிலப் போட்டி எட்டாக் கனி ஆனது. அதனால் 1992இல் போட்டியை இரண்டு தட்டாகப் பிரித்தார்கள். அந்த வருடமும் அடுத்த வருடமும் பிரித்தது அணியின் பலத்தைப் பார்த்து. 1994 முதல் அதை விட்டுவிட்டுப் பள்ளியின் மாணவர் எண்ணிக்கையை அளவுகோலாக வைத்தார்கள். என் மனக்குறை இங்கேதான் தொடங்குகிறது.

ஒரு பள்ளியில் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்பது ஹாக்கியைப் பற்றி எதையுமே சொல்லாது. ஹெர்மன்டவுன் பிள்ளைகளைக் கேட்டால் தெரியும். 2010 முதல் 2015 வரை தொடர்ந்து ஆறு முறை ஏ பிரிவின் இறுதிக்கு வந்து, ஆறு முறையும் தோற்றார்கள். அதில் 2011, 2012, 2013 மூன்றிலும் அவர்களை வென்றது செயின்ட் தாமஸ் அகாடமி என்ற தனியார் பள்ளி. எண்ணிக்கைப்படி அது சிறிய பள்ளி, ஆட்டத்திலோ மாநிலத்தின் மிகப் பெரிய பள்ளிகளுக்குச் சமம். பிறகு அதுவே டபுள் ஏ பிரிவுக்குப் போய்விட்டது. 2021இல் என்ன நடந்தது? ஏ பிரிவு இறுதியில் ஜென்ட்ரி அகாடமி என்ற சிறிய பள்ளி, தெற்கே பண்ணை ஊர்களின் பிள்ளைகள் சேர்ந்து ஆடும் டாட்ஜ் கவுண்டி அணியை 8-1 என்று வென்றது. எட்டு கோல் வாங்கிய பிள்ளைகளின் முகத்தை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. மூன்றாவது பிரிவு இருந்திருந்தால் இது நடந்திருக்காதா? மாணவர் எண்ணிக்கையை வைத்தே பிரித்தால், இதே மாதிரி ஒரு பள்ளி மூன்றாவது பிரிவில் வந்து நின்றிருக்கும். அவ்வளவுதான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. மொத்தம் சுமார் 150 அணிகள். ஒவ்வொரு பிரிவையும் எட்டு மண்டலங்களாகப் பிரித்து, மண்டலத்துக்கு ஓர் அணி செயின்ட் பால் போகிறது. மூன்று பிரிவு ஆக்கினால் ஒரு மண்டலத்தில் ஆறு அணிகள்தான் இருக்கும். முதல் இரண்டு இடத்தில் இருக்கும் அணி இரண்டே ஆட்டம் வென்றால் மாநிலப் போட்டிக்குப் போய்விடலாம். அவ்வளவு சுலபமாகக் கிடைப்பதற்கு இவ்வளவு ஏங்க வேண்டியதில்லை.

அப்புறம், பெரிய அணியோடு மோதும் ஆசையே சிறிய ஊர்களின் பெருமை. ரோசோ என்ற ஊரில் மூவாயிரம் பேர்கூட இல்லை. அந்த ஊர் பிரிவில்லாத காலத்தில் 1990இல் கோப்பையை வென்றது. பிரிவு வந்த பிறகும் பெரிய பள்ளிகளோடு ஆடி, 1999இலும் 2007இலும் டபுள் ஏ கோப்பையை எடுத்துப் போனது. பக்கத்து ஊரான வாரோடு இன்னும் சிறியது. ஆனால் 1960 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற கிறிஸ்டியன் சகோதரர்களும், 1980இல் தங்கம் வென்ற டேவ் கிறிஸ்டியனும், தொழில்முறை லீக்கில் ஆடிய டி.ஜே. ஓஷியும் அந்த ஊரார். எப்படி முடிந்தது? வாரோடில் பிள்ளைகள் பனித்தளத்தில் ஆட ஒரு காசும் கட்ட வேண்டாம். மற்ற இடங்களில் ஒரு மணி நேரத்துக்கு 200 டாலருக்கு மேல் வாடகை. கோல் கீப்பர் கவசத்தின் விலையைக் கேட்டாலே பல பெற்றோர் பின்வாங்கிவிடுவார்கள். வாரோடில் பள்ளி விட்டதும் பை வீட்டில், பிள்ளை பனியில். வருடக்கணக்கில் இப்படி ஆடிய பிள்ளையை எந்தப் பிரிவில் போட்டாலும் தாக்குப்பிடிக்கும்.

தோற்றுக்கொண்டே இருக்கும் அணிகளை அப்படியே விட்டுவிடலாம் என்று நான் சொல்லவில்லை. பன்னிரண்டு கோல் வாங்கிய மறுநாள் ஸ்கேட்டைத் தொடவே பிடிக்காத பிள்ளைகள் உண்டு. பத்துப் பதினைந்து பேர்கூடச் சேராத பள்ளிகள் பக்கத்துப் பள்ளிகளோடு கூட்டணி வைத்துத்தான் அணியே அமைக்கின்றன. சில கூட்டணிகள் முன்பு பரம எதிரிகளாக இருந்த ஊர்கள். அவர்களுக்கு வேண்டியது கூடுதல் பனி நேரம், நல்ல பயிற்சியாளர், இரவல் கவசம்.

சரி, என்ன செய்யலாம்? பிரிவு இரண்டே இருக்கட்டும், ஆனால் மாணவர் எண்ணிக்கையோடு கடைசி மூன்று நான்கு வருட ஆட்ட முடிவுகளையும் சேர்த்துப் பிரிக்கலாம். ஏ பிரிவின் இறுதிக்குத் தொடர்ந்து வரும் பள்ளியை, தனியாரோ பொதுவோ, மேலே ஏற்ற வேண்டும். டபுள் ஏயில் பல வருடம் தவிக்கும் பெரிய பள்ளி கேட்டால் கீழே இறக்க வேண்டும், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. மூன்றாவது போட்டி ஒன்றை நடத்த ஆகும் செலவை, கூட்டணி அணிகளின் பனித்தள வாடகைக்குக் கொடுக்கலாம். உங்கள் பள்ளி வட்டாரத்தில் இந்தப் பேச்சு வந்தால், கூட்டத்துக்குப் போய் முதலில் இந்த வாடகைக் கணக்கைக் கேளுங்கள். வணக்கம்.