ஆச்சியின் சொதியும் டாக்டெஸ்டும்

நேயர்களுக்கு வணக்கம். நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். ஆனாலும் சொதியில் இருந்துதான் தொடங்கப் போகிறேன். திருநெல்வேலிக்காரர்கள் பொறுத்துக்கொள்வீர்கள்.

சென்னையில் தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்த காலம். ஆச்சி சொல்லச் சொல்ல மதினி எழுதி வைத்த சமையல் நோட்டு ஒன்று கையில் இருந்தது. சொதிக்கு நேரே, “தேங்காய்ப்பால் ஊற்றிக் கொதிக்க விட்டு, எலுமிச்சம்பழம் பிழியவும்” என்று ஒரே வரி. முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, பாசிப்பருப்பு எல்லாம் வாங்கி, அந்த வரியில் இருந்ததை அப்படியே செய்தேன். பால் திரிந்து தண்ணீர் தனி, திப்பி தனியாக நின்றது. போன் போட்டால் ஆச்சிக்கு ஒரே சிரிப்பு. “ஏலே, மொதப் பாலை யாராவது கொதிக்க விடுவாகளா? மூணாம் பால்ல காயை வேக வை. பெறகு ரெண்டாம் பால். மொதப் பாலைக் கடைசில ஊத்தி, நுரை கட்டுனதும் எறக்கிரு. எறக்கி வச்ச பெறகுதான் எலுமிச்சை!”

மதினி பொய் எழுதவில்லை. காதில் விழுந்ததை எழுதினார்கள். எழுதியதைப் பார்த்து ஒரு தரமாவது யாரும் சமைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். இதை நான் வீட்டிலும் அலுவலகத்திலும் சொல்லிச் சொல்லி எல்லோருக்கும் அலுத்துவிட்டது. இன்று உங்கள் முறை.

மென்பொருளுக்கும் இப்படி நோட்டு உண்டு, கையேடு என்போம். “இந்த வரியைத் தட்டு, இந்த விடை வரும்” என்று அதில் எடுத்துக்காட்டுகள் இருக்கும். நிரல் எழுதப் பயன்படும் பைத்தான் மொழியையே எடுத்துக்கொள்ளுங்கள். பைத்தான் 2-இல் 7-ஐ 2-ஆல் வகுக்கச் சொன்னால் 3 என்று சொல்லும், மீதியைக் கண்டுகொள்ளாது. 2008-இல் வந்த பைத்தான் 3 அதையே 3.5 என்று சொல்கிறது. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் நிரலை எல்லாம் புதியதற்கு மாற்றினோம், கையேட்டை அப்படியே விட்டுவிட்டோம். புதிதாகச் சேர்ந்த பையன் ராத்திரி 11 மணிக்குக் கூப்பிடுகிறான்: “அண்ணாச்சி, கையேட்டுல 3னு இருக்கு, எனக்கு 3.5 வருது. நான் என்ன தப்பு செஞ்சேன்?” அவன் தப்பே செய்யவில்லை. அரை நாளாக அதோடு மல்லுக்கட்டியிருக்கிறான், பாவம்.

இதற்கென்றே பைத்தானில் டாக்டெஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. டிம் பீட்டர்ஸ் எழுதியது, 2001-இல் பைத்தான் 2.1-லேயே சேர்ந்துவிட்டது. செய்கிற வேலை எளிது. பைத்தானில் நாம் தட்டும் இடத்துக்கு முன்னால் வலப்பக்கம் பார்த்த மூன்று கூர்முனைகள் நிற்கும். கையேட்டிலும் அவற்றோடுதான் எடுத்துக்காட்டை எழுதுவோம். டாக்டெஸ்ட் உங்கள் விளக்கத்தை எல்லாம் தாண்டிப் போகும். மூன்று கூர்முனை தென்பட்டால் அந்த வரியை உருவி எடுத்து ஓட்டிப் பார்க்கும். வந்த விடையும், கீழே நீங்கள் எழுதி வைத்த விடையும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா? ஒன்று என்றால் வாயே திறக்காது. இல்லையென்றால், எந்த வரி, எதிர்பார்த்தது என்ன, வந்தது என்ன என்று சொல்லிவிடும். இரவு 11 மணிக்கு அந்தப் பையன் கண்டுபிடித்ததைக் காலையிலேயே எங்களிடம் சொல்லியிருக்கும்.

எழுத்துக்கு எழுத்து என்றேனே, அதில் ஒரு தொல்லை உண்டு. வரிசை இல்லாத தொகுப்பில் நாலு பெயரைப் போட்டு அச்சிடச் சொன்னால், ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் வரிசை மாறலாம். பேரப்பிள்ளைகளைக் கூப்பிடும் ஆச்சி மாதிரி. விடை சரிதான், ஆனால் டாக்டெஸ்ட் அதைத் தப்பு என்று சொல்லும். வரிசைப்படுத்திவிட்டு அச்சிடுங்கள், தீர்ந்தது.

அப்புறம் ஒன்று. எடுத்துக்காட்டை மட்டும்தான் அது சோதிக்கும். “கொதிக்க விடவும்” என்று வாக்கியத்தில் எழுதிய தப்பு அதன் கண்ணில் படாது. அதற்காக எல்லாச் சோதனையையும் கையேட்டிலேயே திணித்தால் படிக்கிறவன் ஓடிப்போவான். அவற்றுக்குத் தனிக் கோப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். ரஸ்ட் மொழியைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். அதில் சோதனை ஓட்டச் சொன்னாலே ஆவணத்தில் உள்ள எடுத்துக்காட்டுகளும் சேர்ந்து ஓடும். ‘இது தொகுக்கப்படவே கூடாது’, அதாவது கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாறவே கூடாது என்று குறித்தும் எழுதலாம், மாறிவிட்டால் அதுதான் பிழை. கோ மொழியிலும் உண்டு, அதற்கு நேரமில்லை. வணக்கம்.